சாக மறந்த செல்

ஞாயிறுதோறும் அந்தப் பெண் மயிலாப்பூரில் என்னோடுதான் அடையாறு பஸ் ஏறுவாள். முப்பது வயதிருக்கும். ஸ்பிரிட் பட்டுப் பட்டு விரல் நுனிகளில் தோல் உரிந்திருக்கும். சீட் கிடைத்ததும் தூங்கிவிடுவாள். ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, செடிகளின் சாற்றை அவற்றின்மேல் விட்டுப் பார்ப்பது அவள் வேலை.

"லீவு நாள்லயுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"செல்லுக்கெல்லாம் சாப்பாடு மாத்தலேன்னா செத்துரும் சார். அப்புறம் எதுல டெஸ்ட் பண்றது?"

அன்று ஆஸ்பத்திரியில் இருந்த என் மனைவிக்காக முள்சீத்தா இலை வாங்கி வைத்திருந்தேன். பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். "இது கேன்சர் செல்லைக் கொல்லுமாமே?"

"அது சாக மறந்துபோன செல்லு சார். இந்த மாதிரி சாறு அதுக்கு ஞாபகப்படுத்துது, அவ்ளோதான். எங்க லேப் தட்டுல நல்லாவே சாவுது." இலையைத் திருப்பிக் கொடுத்தாள். "உடம்புல சாவுமான்னு எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க."

டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது மனைவி வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது, அந்தப் பெண்ணும் இந்நேரம் அந்தச் செல்களுக்குச் சாப்பாடு மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அவை மிச்சம் வைப்பதில்லையாம். இவள்தான் இரண்டு ஸ்பூனுக்குமேல் வாங்க மாட்டேன் என்கிறாள்.