பந்தய வண்டிக்கு மாட்டு டாக்டர் சான்று

குழு நண்பர்களுக்கு, இன்று காலை நடந்தது.

காயல்பட்டினத்து காதர் துபாயில் மெக்கானிக். ஒருவர் மட்டும் உட்காரும் பழைய பந்தயக் கார் ஒன்றைச் சென்னையில் வாங்கி, விடுப்புக்கு விடுப்பு பழுது பார்த்து, இந்த முறை ஓடவைத்துவிட்டான்.

ஓட்டத்தான் இடமில்லை. கயத்தாறு பக்கம் சும்மா கிடக்கும் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கலெக்டர் அலுவலகத்தில் அனுமதி கேட்டோம். மனு எழுதியது நான்.

விடுப்பு முழுக்க அலைந்த பிறகு இன்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். எழுத்தர் ஃபைலைப் பிரித்து என்னைப் பார்த்தார்.

"பந்தயத்துல எந்தப் பிரிவு, பெரிய மாடா, சின்ன மாடா? அத எழுதாம விட்டுட்டியளே அண்ணாச்சி."

"மாடு இல்ல சார், காரு" என்றான் காதர்.

"பந்தய வண்டின்னுல்லா எழுதியிருக்கு! நம்ம பக்கம் அப்படின்னா மாட்டு வண்டிதான். மாட்டு டாக்டர் சான்று வேணும்னு மேல இருந்து குறிப்பே வந்தாச்சு. காருன்னா புதுசா மனு போடணும்."

காதருக்கு நாளை மறுநாள் விமானம். அடுத்த விடுப்புக்கு இரண்டு வருடம் ஆகும்.

வாசலில் வைத்துச் சொன்னான்: "காருன்னே எழுதியிருக்கலாம்லா அண்ணாச்சி."

அடுத்த விடுப்புக்காக இப்போதே புது மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதில் 'ஒற்றை இருக்கைக் கார்' என்று எழுதட்டுமா? ஒற்றை மாட்டு வண்டி என்று படித்துவிடுவார்களோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.