தாயக்கட்டையில் பிடித்த பந்து

பதுளைக்கு ரயில் வராத காலம். தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் பெட்டிகளின் மேல் எழுத்துப் போடுவது என் வேலை. எழுத்து அழகாக இருக்கிறது என்று துரைமாரின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஓட்டங்களைக் குறிக்க என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நமுனுகுலப் பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து பதுளை மைதானத்துக்குத் துரை குதிரையில் போவார். நான் முன்னதாகவே நடக்கத் தொடங்கிவிடுவேன். நாலு பேரோடு பேசக் கூசும் எனக்கு, மைதானத்து மூலையில் மேசையோடு உட்காரும் அந்த வேலை பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கத்துத் துரை ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது என்று என்னை எழுப்பி, வேட்டியோடு களத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்புத்தளைத் துரைமார் ஜெயிக்க இரண்டே ஓட்டம் வேண்டும். ஆடிக்கொண்டிருந்தது அவர்களுடைய கடைசி ஆள். அவர் அடித்த பந்து உயரப் போய் நேரே என்னிடம் இறங்கியது. இரண்டு கையையும் ஏந்தினேன். கைக்குள் வந்த பந்து துள்ளி விழுந்துவிட்டது. நான் அதைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு ஓட்டமும் ஓடி முடித்தார்கள்.

துரைமார் சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான் விடவில்லை. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், யாராவது இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, "புடிங்க, புடிங்க!" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஓட்டக் குறிப்பின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, அந்தக் கடைசிப் பந்தைத் திரும்ப ஆடிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு தடவையாவது அதைப் பிடித்துவிட வேண்டும். மனைவியின் பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்து விதி வகுத்தேன். விழுகிற எண்தான் ஓட்டம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் பந்தைப் பிடித்தாயிற்று, ஆள் அவுட். இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம் விழுந்தால் ஓட்டமில்லை, அடுத்த பந்து.

அப்புத்தளைக்காக ஆட உட்கார்ந்த மனைவிக்கு இது பொறுக்கவில்லை.

"வெறும் பக்கம் ரெண்டும் விழுந்தா ஊரு பூரா பன்னெண்டு. உங்களுக்கு மட்டும் ஒண்ணுமில்லியா? தாயம் விழுந்தா சந்தோசப்படுவாங்க, நீங்க ஆளை வெளிய அனுப்புறீங்க. என்னங்க ஆட்டம் இது?"

"வெள்ளைக்காரன் ஆட்டம்க்கா," என்றான் அவள் தம்பி. ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவன். எங்களுக்கு அவன்தான் நடுவர். "மச்சான், ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு தடவைதான். இல்லேன்னா புடிக்கிற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பீங்க."

ஞாயிறு மதியம் சோறு உண்டதும் ஆட்டம். அவள் உருட்டினால் ஐந்து விழும், ஆறு விழும். அப்புத்தளை ஜெயித்துவிடும். "மறுபடியும் விட்டுட்டீங்க மச்சான்," என்று அவன் கையை ஏந்திக் காட்டுவான். இப்படிப் பல ஞாயிறுகள் போயின.

ஒரு ஞாயிறு வெளியே நல்ல மழை. கட்டைகளைத் தேய்த்து உருட்டினாள். ஒன்று சட்டென்று நின்றது, வெறும் பக்கம். மற்றது சுவர் வரை உருண்டு போய் ஒற்றைப் புள்ளியைக் காட்டிப் படுத்தது.

"அவுட்டு!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. அடுத்த காம்பராக்களில் குடியிருந்தவர்கள் மழையில் ஓடிவந்து வாசலில் நின்றார்கள்.

அவள் தம்பி நம்பவில்லை. "அக்கா, நெசத்தைச் சொல்லு. மச்சான் மொகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு வேணும்னே போட்டியா?"

தாயத்தில் அவளை ஜெயிக்க லயத்தில் ஆள் கிடையாது; கேட்ட எண் அவள் கையில் வரும் என்று பெண்கள் சொல்வார்கள். பாவப்பட்டுப் போட்டிருந்தால் நான் பிடித்ததாக ஆகாது.

"பாவமா? நானா?" என்று கட்டைகளைப் பொறுக்கினாள். "தாயம் போட்டா மறு ஆட்டம் உண்டு. தள்ளுங்க, நான் இன்னும் போடணும்!"

"அவுட்டானவங்களுக்கு மறு ஆட்டம் கிடையாதுக்கா."

"என் தாயக்கட்டைய வச்சு ஆடிக்கிட்டு தாயத்துக்கே கிடையாதுன்னு சொல்லுவியா? திருட்டுப் பயலே! அக்காவ வுட்டுட்டு மச்சான் பக்கம் சேர்ந்துக்கிட்டியா?"

அவளுக்குக் கண்ணில் நீர் வராத குறை. அவள் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அந்த இடத்திலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. வாசலில் நின்றவர் ஒருவர், "அப்போ நெசமாத்தான் புடிச்சிருக்காரு," என்றார்.

மழை விட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அங்கே தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடமெல்லாம், புருஷனும் தம்பியும் சேர்ந்து தன் மறு ஆட்டத்தை விழுங்கிவிட்டார்கள் என்று முறையிட்டிருக்கிறாள். அன்று இரவு தம்பிக்கும் எனக்கும் ரொட்டி கடைசியாகத்தான் வந்தது. அதுவும் கருகியது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஸ்டோருக்குப் போக அந்தப் பக்கம் நடந்தேன். கங்காணி என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

"என்னங்க, நேத்து புடிச்சிட்டீங்களாமே?"

"ஆமாங்க," என்றேன். "வீட்லதான் இன்னும் ஒத்துக்கலே."

வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் நின்று சிரித்துவிட்டுத்தான் போனேன்.