வானம் தெரிய வேண்டிய கூரை

அப்பாவின் முதலாளி எங்களைச் சாப்பிட அழைத்த அன்று அம்மா என் காற்சட்டைக்கு மூன்று தரம் ஸ்திரிக்கை போட்டார்.

வன்னியிலிருந்து பிரான்சுக்கு வந்து, லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நாங்கள் இருந்த காலம். எனக்குப் பத்து வயது. முதலாளி பக்கத்து ஊரான ஒபர்வில்லியேயில் துணிக் கிட்டங்கி வைத்திருந்தார். அப்பா அங்கே பொதி கட்டினார். நிரந்தர வேலைக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. அது இல்லாமல் யாரும் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள். அதனால் அம்மா வழி முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "அங்கை வாயையும் கையையும் அடக்கிக்கொண்டு இருக்க வேணும், என்ன?"

முதலாளி யூதர். அறுவடை முடிந்த மகிழ்ச்சியில் அவர்கள் ஏழு நாள் கொண்டாடும் பெருநாள் அது. விருந்தாளி இல்லாவிட்டால் அது நிறைவாகாதாம். வீடு பெரிய மாடிவீடு. ஆனால் சாப்பாடு பின்முற்றத்தில், பலகையால் அடித்த கொட்டிலுக்குள். மேலே மூங்கிலும் இலைக்கொப்புகளும் பரப்பியிருந்தார்கள். உள்ளே மாதுளம்பழங்களும் கடதாசிச் சங்கிலிகளும் தொங்கின. நாரத்தங்காய் போன்ற மஞ்சள் பழம் ஒன்று, பிறந்த பிள்ளையைப் போலப் பஞ்சுக்குள் படுத்திருந்தது. பக்கத்தில் நெடிய குருத்தோலை. இரண்டும் அவர்களுடைய வழிபாட்டுக்காம். ஒரு கொட்டில் இவ்வளவு அழகாய் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"உவ்வளவு பெரிய வீடிருக்க, உதுக்குள்ளேயே இருந்து சாப்பிடுகினம்?" என்று அம்மா அப்பாவின் காதுக்குள் கேட்டார்.

"சும்மா இருமப்பா."

சாப்பாடு எடுத்துவர எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். நான் மட்டும் நின்றேன். மூக்கில் ஒரு மழைத்துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கொப்புகளுக்கு இடையில் வானம். பாவம், முதலாளிக்குக் கூரை போடத் தெரியவில்லை என்று நினைத்தேன். எனக்குத் தெரியும். சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில், மழை வந்தால் எங்கள் கொட்டிலின் தறப்பாளை இழுத்துக் கட்டுவது என் வேலை. முற்றத்து மூலையில் பச்சைத் தறப்பாள் ஒன்று மடித்துக் கிடந்தது. வாங்கில் ஏறி அதைக் கூரைமேல் எறிந்து, இழுத்து, நாலு மூலையும் கட்டினேன். ஒரு துளி உள்ளே வரவில்லை.

தட்டோடு வந்த முதலாளி மேலே பார்த்தார். உட்காரவில்லை. பின்னால் வந்த அப்பாவின் முகம் வெளிறிப்போனது.

"டேய், என்ர வேலைக்கு உலை வைச்சிட்டியேடா!"

முதலாளி கோபிக்கவில்லை. எனக்கு விளங்கும்படி மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னார். கூரை மண்ணில் முளைத்தவற்றால் ஆனதாய் இருக்க வேண்டும். அதனூடே நட்சத்திரம் தெரிய வேண்டும். அவருடைய முன்னோர் நாற்பது வருடம் பாலைவனத்தில் கொட்டில்களில் அலைந்தவர்கள். களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரத்தில் அதை மறந்துவிடக் கூடாது என்றுதான் இந்த ஏழு நாள்.

என் முடிச்சுகளை அவரால் அவிழ்க்க முடியவில்லை. அப்பா கதிரையில் ஏறி அவிழ்த்தார். முதலாளி கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இதை எங்கே பழகினாய்?" என்று என்னைக் கேட்டார்.

"முகாமில்."

"எவ்வளவு காலம்?"

மேலே நின்ற அப்பா எட்டு விரல்களைக் காட்டினார். மாதம் என்று நான் சொன்னேன்.

பூசணிக்காயும் கடலையும் போட்ட குழம்போடு குஸ்குஸ் வந்தது. "இது எங்கட புட்டெல்லோ!" என்று அம்மா முதல்தடவையாகச் சிரித்தார். பிறகு மழை வலுத்தது. இப்படிக் கொட்டினால் வீட்டுக்குள் போகலாம், அதற்கு அவர்கள் சமயத்தில் அனுமதி உண்டு என்று சொல்லி முதலாளியின் மனைவி அம்மாவையும் என்னையும் உள்ளே கூட்டிப்போனார். ஆண்கள் இருவரும் அசையவில்லை.

"இஞ்சாருங்கோ, எழும்பி வாங்கோவன்!" என்று அம்மா கதவடியில் நின்று கத்தினார்.

"முதலாளி இருக்கேக்கை நான் எப்பிடியப்பா எழும்புறது?"

முதலாளியின் மனைவியும் தன் கணவரை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். குழம்புக்குள் மழை விழ விழ இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. மழையில் அசையாமல் இருந்து காட்டியதால்தான் என்றார் அப்பா. என் முடிச்சுக்காகத்தான் என்று நான் நினைத்தேன். விருந்தன்று யன்னலில் நின்று பார்த்தபோது, யார் முதலில் எழும்புவது என்று இரண்டு பேரும் போட்டி போடுவதாகத்தான் எனக்குப் பட்டது. ஏழு நாள் கொட்டிலில் இருக்கும் மனிதர், எட்டு மாதம் இருந்தவருக்கு முன்னால் எழும்பக் கூசுகிறார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.