நடுப்படி

மூன்று கதவுகள், ஒவ்வொன்றுக்கும் நேராகக் கல்படிகள். மேலாளரின் அலைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திண்டிவனம் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் அவர் தர மேலாளர், கொரியாக்காரர். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். பெருமுக்கல் அருகே உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். கோழிக் குழம்பின் காரத்தில் சிவந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலைபேசியை என் அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா காலமெல்லாம் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். படத்தைக் கோயில் என்றே நினைத்து, "உள்ள என்னா சாமிம்மா?" என்று என்னைக் கேட்டார். சாமி இல்லை என்றார் மேலாளர். பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அறிஞரின் பெயரை எழுதிய மரப்பலகைதான் உள்ளே இருக்கிறது. அரசர்கள் காலத்தில் இப்படிப்பட்ட நினைவு மண்டபங்கள் பள்ளிகளோடு சேர்ந்து நாடெங்கும் இருந்தன. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கற்றவர்கள் கூடி, மதுவும் தானியமும் படைத்து அந்தப் பெயரை வணங்குவார்கள்; இன்றும் வணங்குகிறார்கள். நான் தமிழில் சொல்லி முடித்த பிறகும் அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்ததற்காக ஒரு மனிதனைக் கும்பிடும் ஊர் ஒன்று இருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

பிறகுதான் மேலாளர் தன் கதையைச் சொன்னார். அந்த மண்டபத்துக்கு நிலம் இருந்தது, அடிமைகளும் இருந்தார்கள். அவர் அந்த அடிமைகளின் வழி வந்தவர். அடிமைமுறை ஒழிந்த பின்னும் குடும்பம் அங்கேயே வேலைக்கு இருந்தது. அவருடைய தந்தை தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார், பெருக்கினார். பெருக்கி முடித்து, தினமும் வாசலில் நின்று வணங்கினார். ஒருநாளும் உள்ளே போனதில்லை. இப்போது, வசந்தகால வழிபாட்டில் மது படைப்பவர்களில் ஒருவராக வரும்படி அந்த மண்டபத்துப் பெரியவர்கள் மேலாளருக்கே எழுதியிருந்தார்கள். தன் அப்பா நுழையாத இடத்தில் தான் எப்படி நுழைவது என்று அவர் தயங்கினார். வரவில்லை என்று பதில் எழுத முடிவு செய்திருந்தார்.

அப்பா படத்தைத் திரும்ப வாங்கி, எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார். கிழக்குக் கதவில் நுழைந்து மேற்குக் கதவில் வெளியே வர வேண்டும். நடுப்படியும் நடுக்கதவும் அறிஞரின் ஆவிக்கு மட்டும். மந்திரியே வந்தாலும் அதில் கால் வைக்கக் கூடாது என்றார் மேலாளர்.

"அப்ப அந்த நடுப்படிய யாரு பெருக்குறது?" என்றார் அப்பா. "குப்ப வுழாமயா இருக்கும்?"

அப்படியே மொழிபெயர்த்தேன். மேலாளர் கொரிய மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: அப்பா. அந்த மொழியிலும் அது அப்பாதான்; நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"மந்திரி மிதிக்காத படிய அவங்க அப்பாரு தெனம் மிதிச்சிக்கினு இருந்திருக்காரு. சார போய்ட்டு வரச் சொல்லும்மா."

போனார். இரண்டு வாரம் கழித்து, படையலில் தனக்குக் கிடைத்த பங்கான உலர்ந்த இலந்தைப் பழங்களோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வழிபாட்டுக்கு முந்தைய நாள் பெரியவர்களிடம் துடைப்பம் கேட்டாராம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மிக மூத்தவர் தானே போய் எடுத்து வந்து இரு கைகளாலும் கொடுத்தார். மேலாளர் நடுப்படியை மேலிருந்து கீழ்வரை பெருக்கினார். மறுநாள் சடங்கு அங்கி அணிந்து கிழக்குக் கதவு வழியாக உள்ளே போனார். உள்ளே ஏதோ பிரம்மாண்டமாக இருக்கிறது என்று சிறுவயதில் நினைத்திருந்தாராம். இருந்தது ஒரு முழம்கூட இல்லாத பலகை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் மண்டியிட்டுக் குனிந்தாராம். தன் முதுகுக்குப் பின்னால், வாசலில், இன்னொருவரும் குனிவதை உணர்ந்ததாகச் சொன்னார். மூன்று வருடங்களாகத் திருகாணிகளையும் விரிசல்களையும் மொழிபெயர்த்த நான், அதற்குச் சொல் தேடித்தான் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ஓர் இலந்தையை மெல்லச் சுவைத்துவிட்டு, "அவங்க அப்பாரு பேரு என்னாம்மா?" என்றார். அத்தனை காலம் கூடவே இருந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

கொரியர்கள் பெற்றவர் பெயரை ஒரே மூச்சில் சொல்வதில்லை; மரியாதைக்காக அசை அசையாகப் பிரித்துச் சொல்வார்கள். மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து அப்படிச் சொன்னார். அப்பா தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லப் பின்னாலேயே சொன்னார்.

மேலாளர் ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பெயரோ ஆலையின் பெயரோ அப்பாவின் வாயில் இன்றும் நுழைவதில்லை. அந்த ஒரு பெயரை மட்டும் நிறுத்தி நிறுத்தி, பிழையில்லாமல் சொல்கிறார்.