மில்லிமீட்டர் எழுதின ஆறு

அந்த ஆளை நினைச்சாலே எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும். ஆய்வகம் முழுக்க அவனுக்கு 'மில்லிமீட்டர்'னுதான் பேரு. சட்டைப் பையில எப்பவும் ஒரு ஸ்டீல் ஸ்கேல். மகளுக்கு வரன் வந்தப்ப மாப்பிள்ளை மூக்கையும் அளந்திருப்பான்னு சிரிப்போம். அவன் சிரிக்க மாட்டான்.

நான் வேதியியல் பக்கம். ரெண்டு வளையத்தை ஒட்டி, வளையத்துக்குள்ள நைட்ரஜனையும் கந்தகத்தையும் உக்கார வெச்ச சேர்மங்கள் செய்யறதுதான் என் ஆராய்ச்சி. ஆறு வருஷம். பாதி நாள் குடுவைக்குள்ள தார்தான் மிஞ்சும். "இன்னுமா அந்தப் பவுடர் ஆகல?"ன்னு வீட்டுக்காரர் கேக்கறப்பெல்லாம் பல்லைக் கடிச்சுப்பேன். கடைசியில பதினாலு பவுடர் தேறுச்சு. அதுல ஒண்ணாவது கிருமியைக் கொன்னாத்தான் எனக்கு டாக்டர் பட்டம்.

கொல்லுதா இல்லையான்னு சொல்றவன் மில்லிமீட்டர். கிருமி தடவின தட்டுல, மருந்துல ஊறின காகித வில்லையை வெப்பான். மருந்து வேலை செஞ்சா மறுநாள் வில்லையைச் சுத்தித் தெளிவா ஒரு வட்டம் விழும். வில்லையோட அகலமே ஆறு மில்லிமீட்டர். அதனால அவன் ஆறுன்னு எழுதினா வட்டமே விழலைன்னு அர்த்தம். என் பவுடருக்கெல்லாம் ஆறு, ஆறு, ஆறுன்னு எழுதிட்டே போனான், பாவி.

பதினொண்ணாவதுக்குப் பத்தொம்பது வந்துது. குதிச்சேன். துறைத் தலைவர் ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு. இவன் மட்டும் தட்டை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"ஏம்மா, ஒப்பிட்டுப் பாக்க ஆன்டிபயாடிக் எடுத்தியே, எந்தக் கரண்டியில எடுத்தே?"

அதே கரண்டியிலதான் பதினொண்ணையும் எடுத்திருக்கேன். நடுவுல கழுவினேனா? ஞாபகமே இல்ல.

"கழுவின கரண்டியில எடுத்துட்டு வா. மறுபடி பாப்போம்."

பாத்தோம். ஆறு.

"சார், பழசையே எழுதிடுங்க சார். என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு"ன்னு கெஞ்சினேன்.

"அது உன் மருந்து போட்ட வட்டம் இல்லம்மா."

நேரா தலைவர்கிட்ட போனேன். அவனுக்குக் கண்ணு மங்கிடுச்சு, தப்புத் தப்பா அளக்கறான்னு எழுதிக் குடுத்தேன். அவனைக் கண்ணாடிச் சாமான் கழுவுற அறைக்கு மாத்திட்டாங்க. புதுசா வந்தவன் பழைய தட்டைப் பாத்துட்டு, ஒரு கேள்வி கேக்காம பத்தொம்பதுன்னு எழுதினான். எனக்குப் பட்டம் வந்துது, வேலையும் வந்துது.

போன வாரம் அந்த ஆய்வகத்துலேருந்து ஒரு பொண்ணு வந்தா. மூணு வருஷமா என் பதினொண்ணைச் செஞ்சு பாக்கறாளாம்.

"ஆறுதான் மேடம் வருது. சாமான் கழுவுற சார்கிட்ட கூட காட்டினேன். நீ சரியாத்தான்மா செஞ்சிருக்கேன்னாரு. அப்ப ஏன் சார் வட்டம் விழலைன்னு கேட்டா, செஞ்சவங்களையே போய்க் கேளுன்னுட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல."

சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! என் மானத்தை வாங்கியிருக்கலாம்ல! வாயை மூடிக்கிட்டு, அவளை என் தலையில கட்டிட்டான் கிராதகன்.

பொண்ணு நோட்டைத் திறந்து, பேனாவும் கையுமா என்னையே பாத்துட்டு இருந்தா.

"உன் கைதான்மா சரியில்ல. மறுபடி செய்"னு சொல்லி அனுப்பிட்டேன்.