போட்டுவா பரியாரியார்

எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடும் எவரும் "போறன்" என்று சொல்லமாட்டார். "போட்டு வாறன்" என்பார். போய்விட்டு வருகிறேன் என்பதுதான் எங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. வீட்டில் இருப்பவர் "போட்டு வாங்கோ" என்பார். கடலுக்குப் போகிறவனுக்கும் அதுதான், கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனுக்கும் அதுதான். செத்த வீட்டில் மட்டும் யாரும் சொல்வதில்லை. எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பேசாமல் போய்விடுவோம். சொன்னால் அதே காரியத்துக்கு அதே வீட்டுக்குத் திரும்ப வரவேண்டியிருக்கும் என்று ஒரு பயம்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் மயிலிட்டியில் ஒரு மனிதர் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் ஆனார் என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அவருக்கு வேலி அயல். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆழ்வாப்பிள்ளை பரம்பரைப் பரியாரியும் இல்லை, படித்த பரியாரியும் இல்லை. கடலோடி வீட்டுப் பிள்ளை. தொண்ணூறில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தபோது வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு எங்களோடு ஓடினவர். தெல்லிப்பழைப் பக்கத்து முகாமில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் கொடுப்பார். அவருடைய வைத்தியம் அவ்வளவுதான். மனுசி முகாமிலேயே கண்ணை மூடினார், பிள்ளைகள் இல்லை. இராணுவம் பிடித்திருந்த காணிகளை விட்டார்கள் என்று நாங்கள் திரும்பி வந்தபோது அவரும் வந்து ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டார். விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, காலடியில் வெற்றிலை துப்பும் படிக்கம். வாயில் எந்த நேரமும் வெற்றிலை. நல்ல மனிதர்தான், ஒருவர் பொல்லாப்புக்கும் போகாதவர்.

எல்லாம் ஏரம்பரோடு தொடங்கியது. நெஞ்சை அடைக்கிறது, வாய்வாக இருக்கும் என்று ஒரு காலையில் வந்து கசாயம் குடித்தார். குடித்துவிட்டு எழும்பி, "போட்டு வாறன் அண்ணை" என்றார். ஆழ்வாப்பிள்ளை பதில் சொல்லவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிப் படலையடியில் நின்று ஏரம்பர் திரும்பவும் சொன்னார். அதற்கும் பதில் இல்லை. மறுநாள் விடிய, துறைமுக வாயில் ஏரம்பருடைய வள்ளம் இயந்திரம் ஓடியபடி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தபோது அவர் வலைக்கு மேலே விறைத்துப்போய்க் கிடந்தார். வள்ளத்தைப் பிடித்து நிறுத்த யாருக்கும் துணிவு வரவில்லை. எண்ணெய் முடியும்வரை அது சுற்றியது.

ஆழ்வாப்பிள்ளை சொல் கொடுக்காத ஆள் பிழைக்கமாட்டான் என்று ஊர் கதைத்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? அடுத்ததாக ஒரு கிழவியைத் தூக்கி வந்தார்கள். ஆசுப்பத்திரியே இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிய கிழவி. ஏரம்பர் கதையில் வெருண்டுபோயிருந்த ஆழ்வாப்பிள்ளைக்கு அவவின் கோலத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கிழவியும் போய்ச் சேர்ந்தா. அதற்குப் பிறகு நீர்வேலியிலிருந்தெல்லாம் வாழைக்குலையோடு வான் பிடித்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கசாயம் குடிக்க அல்ல, அந்தச் சொல் வருகிறதா இல்லையா என்று பார்க்க.

வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் மீன் வெட்டிக்கொண்டிருப்பேன். "போட்டு வாறம் ஐயா" என்று ஒரு குரல் கேட்கும். பிறகு அந்த வளவில் இலை விழுந்தாலும் கேட்கிற மாதிரி ஒரு அமைதி. "போட்டு வாங்கோ" என்று வந்துவிட்டால் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விடுகிற சத்தம் வேலியைத் தாண்டி வரும். வராவிட்டால் செருப்புச் சத்தம் மட்டும், செத்த வீட்டிலிருந்து போவது போல. கையில் பிடித்த கத்தியோடு நானும் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

சொல் கிடைக்காதவர்கள் இனி மருந்து எதற்கு என்று வீட்டில் படுத்துக்கொண்டார்கள். கிடைத்தவர்கள் இனி மருந்து ஏன் என்று கிளினிக்கை விட்டார்கள். அவருக்கும் மெல்ல மெல்ல அந்தக் கதிரை பிடித்துப்போயிற்று. கசப்பாக ஏதோ ஒரு தூள் இடித்துக் கொடுக்கவும் பழகிக்கொண்டார்.

நிவேதனா எங்கள் வளவுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் இருப்பவள். புருசன் ஜெயதீபன் கடற்றொழில். அவர்களுக்கு ஒரே பிள்ளை, மதுரா. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடுகிற கெட்டிக்காரி. சிறு வயதிலேயே சீனி வருத்தம் வந்து, நாள்தோறும் இன்சுலின் ஊசி போடவேண்டியிருந்தது. பிள்ளையின் தொடையில் ஊசித் தழும்பைப் பார்த்துப் பார்த்துத் தாய்க்கு மனம் விட்டுப்போயிற்று. யாரோ சொன்னார்கள் என்று ஆழ்வாப்பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவர் தூளைக் கொடுத்தார். "ஊசியையும் இதையும் கலக்கப்படாது, ஒண்டைப் பிடியுங்கோ" என்றார். மதுரா எழும்பி, "போட்டு வாறன் அப்பு" என்றாள். "போட்டு வா பிள்ளை" என்று உடனே, சிரித்த முகத்தோடு சொன்னார். நான் என் காதால் கேட்டேன். நிவேதனா அழுதுகொண்டே கும்பிட்டாள்.

அதோடு ஊசி மருந்து குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு வாந்தி. பிறகு ஓடி வந்தவள் போல மூச்சு இழுத்தது, மூச்சில் பழுத்த பழத்தின் மணம். பரியாரியார் சொன்ன சொல் இருக்கிறதே என்று தாயும் தகப்பனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடியபோது பிள்ளைக்கு நினைவில்லை. திரும்பிப் பெட்டியில்தான் வந்தாள்.

ஊர் கொதித்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பிள்ளை களவாக ஐஸ்கிறீம் தின்றிருக்கும் என்றார்கள். தாய் பத்தியம் காக்கவில்லை என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அவர் பிழைவிட்டார் என்று மட்டும் ஒரு வாயும் சொல்லவில்லை.

செத்த வீட்டுக்கு ஆழ்வாப்பிள்ளையும் வந்தார். தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்தார். திரும்பும்போது, பழக்கதோசமோ என்ன சனியனோ, ஜெயதீபனின் கையைப் பிடித்து, "போட்டு வாறன் தம்பி" என்றார்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. பந்தலுக்குள் ஒருவர் அசையவில்லை. மகளின் காலடியில் முகம் புதைத்திருந்த நிவேதனா தலையைத் தூக்கிப் பார்த்தாள். இந்த மனிதர் எதற்கு இங்கே திரும்ப வரப்போகிறார் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

ஒரு பிள்ளை செத்ததற்கு வராத கோபம் அந்த ஒரு சொல்லுக்கு வந்தது. சுடலையிலிருந்து திரும்பிய இளம் பெடியள் பொழுதுபட முதலே அவர் வளவுக்குள் புகுந்தார்கள். ஒருவன் போனைப் பிடித்து நேரலை போட, மற்றவர்கள் தூள் போத்தல்களை உடைத்தார்கள், படிக்கத்தைக் கிணற்றுக்குள் எறிந்தார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் "அடியுங்கோ" என்று எழுதினார்களாம். அவர் சுவரோடு ஒட்டி நின்றார். யாரும் அவரைத் தொடவில்லை. தொடப் பயம்.

உடைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆனதும் வெளிக்கிட்டார்கள். அப்போது முன்னால் நின்ற பெடியன், தாய்தகப்பன் வளர்த்த வளர்ப்பு, வாய் தவறி, "சரி, போட்டு வாறம்" என்றுவிட்டான்.

அவர் பதில் சொல்லவில்லை.

நான் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். படலை திறந்தபடி கிடந்தது. ஒருவன் கால் எடுத்து வைக்கவில்லை. பொல்லுத்தடியோடு வந்தவன் அதை மெல்லக் கீழே வைத்தான். அத்தனை பேரும் அந்தக் கிழவரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரலை போட்டவன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. கடைசியில் அவர் "போட்டு வாங்கோ" என்றார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போல ஓடினார்கள்.

பொலிஸ் வந்து ஆழ்வாப்பிள்ளையைக் கொண்டுபோனது. வழக்குப் பதிந்தார்கள், பிணையில் விட்டார்கள், தவணை போட்டுத் தள்ளிவைத்தார்கள். திரும்பி வந்தபோது கூட்டம் முன்பைவிடப் பெரிது. அடிக்க வந்த பெடியளையே வாயை மூடிக் கட்டிப்போட்டவர் அல்லவா?

நிவேதனா ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, எனக்கு அவரை அடிக்கவும் வேண்டாம், மறியல் வீட்டுக்குள்ளை அடைக்கவும் வேண்டாம். தனக்கு ஒண்டும் தெரியாது எண்டு அந்தாள் சனத்துக்கு முன்னாலை ஒருக்கால் சொல்லவேணும். இல்லாட்டி இன்னொரு பிள்ளையும் போகும்."

அவள் பயந்தது சும்மா இல்லை. அடுத்த நாள் நாங்கள் இருவரும் அவர் வளவுக்குப் போனபோது நீர்வேலியிலிருந்து ஒரு தாய் வந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை, கையில் தண்ணீர்ப் போத்தல். வைத்துவிட்டு எடுத்தது, எடுத்துவிட்டு வைத்தது. போத்தல் வெறுமையானதும் தாயிடம் இன்னும் கேட்டது. நிவேதனா அந்தப் பிள்ளை குடிப்பதைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நேரே போய்க் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"என்ரை பிள்ளைக்கு ஏன் போட்டு வா எண்டு சொன்னனீங்கள்?"

வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வீட்டுக்கு வந்த பிள்ளை போட்டு வாறன் எண்டு சொல்லிச்சுது. போட்டு வா எண்டனான். ஆருக்கும் சொல்லுறதுதானே, பிள்ளை."

"அப்ப ஏரம்பண்ணைக்கு ஏன் சொல்லேல்லை?"

"வாய் நிறைய வெத்திலை. துப்பிப்போட்டுச் சொல்லுவம் எண்டு பாத்தனான். அதுக்குள்ளை அவன் போட்டான்."

"ஊசியை விடச் சொன்னது?"

"ஆரோ வந்த சனம் சொல்லிச்சுது, கலக்கப்படாது எண்டு. நானும் சொன்னன்." அவர் இரண்டு கையையும் விரித்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது, மோனை. எனக்கு எண்டைக்கும் ஒண்டும் தெரியாது."

இத்தனை உயிர் ஒரு வாய் வெற்றிலையில் தொங்கியிருக்கிறது. எனக்கு அவரை அறையவும் வந்தது, அழவும் வந்தது. சனம் இப்போதாவது எழும்பும் என்று திரும்பிப் பார்த்தேன். வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, "அறிஞ்ச ஆக்கள் இப்பிடித்தான் தங்களை மறைப்பினம்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஓம் என்றார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

நீர்வேலித் தாய் மட்டும் வெருண்டு எழும்பினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போட்டு வாறம் ஐயா" என்றாள். ஆழ்வாப்பிள்ளை தோள் துண்டை எடுத்து வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். இனி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று அந்த நிமிசம் முடிவெடுத்தார் போல. நல்ல முடிவுதான். ஆனால் அந்தப் பெண் படலையைத் தாண்ட முடியாமல் நின்றாள். அவள் முகம் சாம்பல் பூத்தது. தோளில் பிள்ளை தண்ணீர் கேட்டு முனகியது.

நிவேதனா அதைத் தாங்கமாட்டாமல், அவளுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னாள்.

"போட்டு வாங்கோ. நேரே ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. அங்கை ஊசி தந்தால் அதை மட்டும் விடாதேங்கோ."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். அவளோடு சேர்ந்து வரிசை முழுவதும் மூச்சு விட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்.

பிள்ளை தப்பிவிட்டது. ஊசி தப்ப வைத்தது. ஆனால் ஊருக்குக் கதை வேறு விதமாகப் போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் நிவேதனா வீட்டுக்குக் குழம்பு கொண்டு போனேன். ஒழுங்கையில் ஒரு வான் நின்றது. படலையடியில் ஏழெட்டுப் பேர், முன்னால் ஒரு வயதான மனுசி, இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். நிவேதனா விளக்குமாறோடு முற்றத்தில் நின்றாள்.

"எல்லாரும் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாது" என்றாள்.

"ஓம், ஓம்" என்று எல்லோரும் பணிவாகத் தலையாட்டினார்கள். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவர்களில் ஒருவரும் படலைக்கு உள்ளே கால் வைத்திருக்கவில்லை. அந்த மனுசி கும்பிட்டுக்கொண்டு, "போட்டு வாறன் பிள்ளை" என்றா.

சொன்னால் நிவேதனா பரியாரி. சொல்லாவிட்டால் அந்த மனுசி இன்றைக்கே வீட்டில் போய்ப் படுத்துவிடுவா. நிவேதனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குழம்புச் சட்டியை மற்றக் கைக்கு மாற்றினேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் வாய்க்குள் வெற்றிலை இல்லை. ஆனாலும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.