வினைச்சொல் வரும் வரைக்கும்

எங்கள் பார்சல் டிப்போவில் 'எக்ஸ்பிரஸ் அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பெல்ட்டில் வரும் பார்சலை எடுத்து, ஸ்கேனரிடம் காட்டி, 'பீப்' என்று சத்தம் வந்ததும் சரியான கூண்டு வண்டியில் போடுவதுதான் எங்கள் வேலை. எனக்கு ஒரு பார்சலுக்கு ஐந்து விநாடி ஆகும். அக்காவுக்கு இரண்டு. பத்தொன்பது வருஷம் இதைச் செய்து சூப்பர்வைசர் ஆன பிறகும், பெல்ட் பக்கம் வந்தால் அவர் கை சும்மா இருக்காது. நடை, சாப்பாடு எல்லாமே அந்த வேகம்தான். நாம் பேச ஆரம்பித்தால் மீதியை அவரே சொல்லி, பதிலையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

அவர் கணவர் ஸ்கூல் வேன் டிரைவர். வேனையும் பேச்சையும் ஒரே கியரில் ஓட்டுகிற மனிதர். ஒரு வார்த்தை சொல்வார். அது பத்திரமாக இறங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல் கொஞ்சம் நிற்பார். பிறகுதான் அடுத்த வார்த்தை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா முன்னால் அவர் ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை. ஹாஸ்டலில் படிக்கும் மகள்கூட, "சரிப்பா, புரிஞ்சிடுச்சு, வச்சிடறேன்" என்று போனை வைத்துவிடுவாள். அவருக்கும் அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. இருந்திருந்தாலும் சொல்லி முடித்திருக்க முடியாது.

டிப்போவின் பின்சுவரை ஒட்டி ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானம் இருக்கிறது. அங்கே அடிக்கிற பந்துகளில் சில வலையைத் தாண்டி எங்கள் முற்றத்தில் வந்து விழும். ஒரு நாள் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த லோடரின் தோளில் ஒன்று பட்டது. அக்கா கிடந்த பந்துகளையெல்லாம் ஒரு வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார்.

அங்கே கோச், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிகளை விட்டுவிட்ட ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒண்ணு அடிச்சுப் பாருங்களேன்க்கா" என்றார். அக்கா மட்டையை வாங்கி ஓங்கி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது தடவையும் இருந்தது. மூன்றாவது தடவை பக்கவாட்டில் பாய்ந்து வாளியில் பட்டது. நாற்பத்தேழு வயதில், கையால் செய்கிற ஒரு காரியம் தனக்கு வரவில்லை என்பது அக்காவுக்குப் புதிதாக இருந்தது. வியாழக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

"நிக்கிறது, பிடிக்கிறது எல்லாம் பரவாயில்லைக்கா. டெம்போதான் இல்ல" என்றார் கோச் இரண்டாவது வாரம். மட்டை பின்னால் மேலே போக மூன்று பங்கு நேரம், கீழே இறங்கிப் பந்தில் பட ஒரு பங்கு. அதுதான் கணக்காம். "மெதுவா அடிக்கச் சொல்லல. ஒரே மாதிரி அடிக்கச் சொல்றேன். சின்ன மட்டையோ பெரிய மட்டையோ, கோபமோ சந்தோஷமோ, அதே மூணு, அதே ஒண்ணு." அக்காவுக்கோ மட்டை மேலே போய்ச் சேருவதற்குள் கீழே வருகிற வேலை ஆரம்பமாகிவிடும்.

அன்று வீட்டில், "எனக்கு டெம்போ சரியில்லையாம்" என்றார் அக்கா.

கணவர் யோசித்தார். "நம்மகிட்ட... இருக்கிறது..."

"வேன்தான், தெரியும். இது அந்த டெம்போ இல்ல."

மூன்று மாதம் பாடுபட்டார்கள். கோச் போனில் தாளக் கருவி ஒன்றைப் போட்டார். அது 'பீப்' என்றது. பத்தொன்பது வருஷமாக 'பீப்' கேட்டதும் கையில் இருப்பதைத் தூக்கிப் போட்ட உடம்பு அது. முதல் சத்தத்திலேயே அடி முடிந்து, மட்டை கையிலிருந்து நழுவிப் பந்தைவிட அதிக தூரம் போனது. பாதங்களை ஒட்டி வைத்துக்கொண்டு அடித்தால் அவசரம் குறையும் என்றார் கோச். அக்கா விழுந்தார். ஒரு மெல்லிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடிக்கச் சொன்னார். அக்கா பாட்டை வேகப்படுத்திவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை அக்காவின் ஸ்கூட்டர் பஞ்சர். கூட்டிப் போவதற்குக் கணவர் வேனோடு வந்தார். கோச்சுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அக்காவுக்குப் பின்னால் ஓரமாக நின்று பேச ஆரம்பித்தார். "நாளைக்கு... காலைல... ஸ்கூட்டர..."

வீடாக இருந்தால் அக்கா அங்கேயே முடித்திருப்பார். ஆனால் வெளியாள் முன்னால் கணவன் பேச்சை வெட்டினால் நன்றாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டார். கையில் மட்டை இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை அது பின்னால் போய்க்கொண்டிருந்தது. "...ஒட்டிடறேன்" என்று அவர் முடித்தபோது மட்டை இறங்கிவிட்டது. பந்து நேராகப் போய் நூறு கஜப் பலகைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இப்ப என்ன செஞ்சீங்க?" என்றார் கோச்.

"நான் ஒண்ணும் செய்யல. இவர் பேசிட்டிருந்தாரு."

"சார், இன்னொண்ணு சொல்லுங்க."

"என்ன... சொல்றதுன்னு... எனக்கு... தெரியலையே."

இன்னொரு பந்தும் நேராகப் போனது. கோச் அதைப் போனில் படம் பிடித்து, நேரம் பார்த்தார். அந்த மனிதர் மற்ற வார்த்தைகளையெல்லாம் இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு, கடைசியில் வருகிற வினைச்சொல்லை மட்டும் சட்டென்று போட்டுவிடுகிறார். ஏற மூன்று, இறங்க ஒன்று. "இத்தனை வருஷமா இதை வீட்லயே வச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்றார் கோச்.

அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார், அக்கா அடிப்பார். முதலில் டயர் காற்று, சாலைப் பள்ளம், வேனில் எந்தப் பிள்ளை வாந்தி எடுத்தது என்று போனது. இரண்டு வாரத்தில் அது தீர்ந்துவிட்டது. பிறகு, வருஷக்கணக்கில் பாதியில் நின்றுபோன வாக்கியங்களை எடுத்தார்.

"எனக்கு... டீயில... சர்க்கரை... புடிக்காது."

பந்து நூற்றுப்பத்து கஜம் போனது. அக்கா அதைப் பார்க்காமல் திரும்பினார். "என்னது?"

கல்யாணமான மறுநாள் காலையில் அவர் "டீயில சர்க்கரை..." என்று ஆரம்பித்தபோது, "தூக்கலா வேணும், அவ்வளவுதானே?" என்று அக்கா முடித்திருக்கிறார். அன்றிலிருந்து ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன்.

"ஏங்க, அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான்... ஆரம்பிச்சேன்."

மைதானத்துக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை புதியவர்களுக்காக ஒன்பது குழிப் போட்டி நடத்துவார்கள். அந்த வருஷம் பத்தொன்பது பேர். ஆளுக்கு ஒருவரைப் பை தூக்கக் கூட்டி வரலாம், பை தூக்குகிறவர் தன் ஆட்டக்காரரோடு பேசலாம் என்பது விதி. கணவர் பையைத் தூக்கிக்கொண்டார். அக்காவோடு சேர்ந்து ஆட வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். இரண்டாவது குழியிலேயே அவர் புகார் செய்தார். "அடிக்கிற நேரத்துல பேசிட்டே இருக்காருங்க."

"அவங்க அடிக்கும்போது அவங்க ஆளு பேசறாரு. நீங்க அடிக்கும்போது பேசினா சொல்லுங்க" என்றார் கோச். ஐந்தாவது குழிக்கு வருவதற்குள் மருந்துக்கடைக்காரரும் அந்த வாக்கியங்களின் முடிவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏழாவது குழி. அக்கா பந்தின் முன் நின்றார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மாசத்தோட... ஸ்கூல்ல... வேன... நிறுத்தறாங்க."

அக்கா வாழ்க்கையிலேயே சிறந்த அடி அது. நூற்றைம்பது கஜம், கோடு போட்டது போல. மருந்துக்கடைக்காரர் கை தட்டினார். பந்து உருண்டு நின்ற பிறகுதான் அந்த வாக்கியம் அக்காவின் காதுக்குள் போனது.

"எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"மூணு வாரம்... ஆச்சு."

மூன்று வாரம் முன்பு சாப்பிடும்போது அவர் "ஸ்கூல்ல வேன..." என்று ஆரம்பித்தது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. "சர்வீஸுக்கு விடச் சொல்றாங்களா? விட்டுடுங்க, இதையெல்லாம் என்கிட்ட கேக்கணுமா" என்று எழுந்து கை கழுவப் போனதும் ஞாபகம் வந்தது. அவர் மறுநாள் வேனை சர்வீஸுக்கு விட்டிருந்தார்.

பின்னால் வந்த கோஷ்டி சத்தம் போட்டது. அக்கா அவர்களைத் தாண்டிப் போகச் சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். கணவரும் பையை இறக்கி வைத்து உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

முழுக்கச் சொல்லி முடிக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. பள்ளிக்கூடம் ஒரு கான்ட்ராக்டரிடம் பெரிய பஸ் பேசிவிட்டது. பதினாறு வருஷம் ஓட்டியதற்கு ஒரு சான்றிதழ் தருவார்களாம். அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கைப் பல்லுக்கு நடுவில் பிடித்து வைத்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

"அன்னைக்கு நான் குறுக்கே பேசிட்டேன், சரி. மறுநாள் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா... நீ அன்னைக்கே... எனக்கு வேற வேலை... பாத்துடுவே."

"அதுல என்ன தப்பு?"

"தப்பில்ல. எனக்கு... கொஞ்ச நாள்... வருத்தப்பட்டுட்டு... இருக்கணும்னு தோணுச்சு."

உண்மைதான். சொன்ன அரை மணிக்குள் அக்கா நாலு பேருக்குப் போன் போட்டிருப்பார். அக்கா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு, எங்களில் யாராவது லீவு கேட்டால் கேட்கிற அதே குரலில் கேட்டார். "எத்தனை நாள் வேணும்?"

"இந்த மாசம்... முழுக்க."

"எடுத்துக்கங்க."

எட்டாவது குழியில் கணவருக்குச் சொல்ல எதுவும் மீதமில்லை. வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். "பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்" என்ற அக்கா, மனசுக்குள் ஏதோ ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு அடித்தார். பந்து கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தாலும் புல்லிலேயே விழுந்தது. ஒன்பதாவது குழியில் மணலில் போய்ச் சிக்கி, எடுக்க நான்கு அடி ஆனது. மொத்தத்தில் பதினோராவது இடம். மருந்துக்கடைக்காரருக்குப் பதினான்காவது. அடுத்த போட்டியிலும் இவர்களோடுதான் ஆடுவேன் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மைதானத்தில் பந்து பொறுக்குகிற வண்டியை ஓட்ட வரச்சொல்லி கோச் அக்காவின் கணவரைக் கேட்டார். நாள் முழுக்கத் தன் மேல் பந்து வந்து விழுவதை விரும்பவில்லை என்று அவர் மறுத்தார். அந்த மறுப்பு பை வைக்கிற இடத்தில் ஆரம்பித்து வாசல் கேட்டில் முடிந்தது. அந்த மாதம் முழுக்க வருத்தப்பட்டார். கடைசி நாள் வேனைக் கழுவி, சாவியைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் நன்றாகத் தூங்கினார். பிறகு அக்கா ஒரே ஒரு போன் செய்தார். இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் வண்டியில் டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். சிகிச்சை முடிந்து வருகிறவர்களுக்கு வண்டி குலுங்கினால் தலை சுற்றும். அதனால் இவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

அவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிய இப்போது ஒரு மணி நேரம் ஆகிறதாம். மகள் போனை வைக்கப் பார்த்தால், "இருடி, அப்பா இன்னும் முடிக்கல" என்கிறார் அக்கா.

டிப்போவில் திண்டாடுவது நாங்கள்தான். "அக்கா, நாளைக்கு எனக்கு..." என்று ஆரம்பித்தால் அவர் பேசாமல் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாக்கியத்தை முடித்துப் பழக்கமில்லாததால் எனக்கே எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. போன வாரம் மேனேஜர் ஏதோ சொல்ல வந்து, நடுவில் நின்று, அக்கா உதவிக்கு வராததைப் பார்த்து, "அப்புறம் பேசலாம்" என்று போய்விட்டார்.

பெல்ட்டில் மட்டும் இன்னும் இரண்டு விநாடிதான். கேட்டால், "பார்சல் என்ன பேசவா போகுது?" என்கிறார். மைதானத்தில் பத்துப் பந்து அடித்தால் ஏழு நேராகப் போகிறது. எட்டாவதும் போக வேண்டும் என்று கோச் சொல்கிறார்.